ஸ்க்ரூ தாங்குமா? – ஒரு புத்தகமும் ஒரு புத்தக அலமாரியும்

ஸ்க்ரூவுக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் என்றே ஒரு தனிப் புத்தகம் இருக்கிறது. விட்டோல்ட் ரிப்சின்ஸ்கி எழுதிய ‘ஒன் குட் டர்ன்’, 2000இல் வெளிவந்தது. அவர் கட்டடக் கலைஞர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். ஆயிரமாண்டு முடியப்போகிற சமயம், இந்த ஆயிரம் வருஷத்தின் சிறந்த கருவி எது என்று ஒரு கட்டுரை எழுதித் தரும்படி நியூயார்க் டைம்ஸ் அவரைக் கேட்டது. ரம்பம், சுத்தியல், உளி, இழைப்புளி என்று அவர் யோசித்ததெல்லாம் ரோமானியர் காலத்திலேயே இருந்திருக்கின்றன. கடைசியில் அவர் மனைவிதான் ஸ்க்ரூ டிரைவரை ஞாபகப்படுத்தினாராம். கட்டுரை வளர்ந்து புத்தகமாகிவிட்டது.

சின்னப் புத்தகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடித்துவிடலாம். 15ஆம் நூற்றாண்டு ஜெர்மானியக் கையெழுத்துப் படியில் ஸ்க்ரூ கடையும் லேத் எப்படி வரையப்பட்டிருக்கிறது, போர்க் கவசத்திலும் பழைய துப்பாக்கியிலும் ஸ்க்ரூ எப்படி வந்து சேர்ந்தது, ஹென்றி மாட்ஸ்லி என்ன செய்தார், கனடாக்காரர் ராபர்ட்சனின் சதுரக் குழித் தலையும் பிலிப்ஸின் நட்சத்திரத் தலையும் எப்படிப் போட்டி போட்டன என்று ஒரு துப்பறியும் கதை மாதிரி கொண்டுபோகிறார். ஒரு சாதாரணப் பொருளை இவ்வளவு மரியாதையோடு பார்க்கிறவர்கள் கம்மி. படிக்கச் சொல்லி நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆனா எனக்கு அதில் ஒரு பெரிய குறை தெரிகிறது. அவருடைய கண் முழுக்க ஸ்க்ரூவின் தலைமேல் இருக்கிறது. தலையைத் திருப்புகிற கை, அந்தக் கைக்கான கருவி, ஸ்க்ரூவைச் செய்கிற எந்திரம், இதுதான் அவர் கதை. ஸ்க்ரூ மரத்துக்குள் போய் மறைந்த பிறகு அங்கே என்ன நடக்கிறது என்பது அவர் கேள்வி அல்ல. கருவியின் வரலாறு எழுதுகிறவரிடம் இதைக் கேட்பது நியாயமா என்றால், நியாயம்தான். கண்ணுக்குத் தெரிகிற பாகத்தை வைத்தே ஸ்க்ரூவை எடைபோடுகிற அதே பழக்கம்தான் நம் வீடுகளில் புத்தக ஷெல்ஃபுகளைத் தொங்க வைக்கிறது. ஷெல்ஃப் செய்யும்போது நாம் கேட்கும் ஒரே கேள்வி, ‘எந்த ஸ்க்ரூ ஸ்ட்ராங்?’ கடைக்காரரும் தடிமனான ஒன்றை எடுத்துத் தருகிறார். யாரும் எந்தத் திசையில் ஸ்ட்ராங், எதற்குள் ஸ்ட்ராங் என்று கேட்பதில்லை.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்ப்போம். சாதாரண டெமி அளவுத் தமிழ்ப் புத்தகம் 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். மூன்று அடி நீளத் தட்டில் ஒரு வரிசை நெருக்கமாக அடுக்கினால், தாளின் அடர்த்தியை வைத்துப் பார்க்க, சுமார் 20 கிலோ வரும். நம் ஊர்த் தட்டுகள் பெரும்பாலும் ஒரு அடி ஆழம் இருக்கும். அதில் ஒரு வரிசையோடு நிறுத்துகிற வாசகர் யாரும் எனக்குத் தெரியாது. பின்னால் ஒரு வரிசை, முன்னால் ஒரு வரிசை. ஆக 40 கிலோ. இரண்டு முனையிலும் பாதிப் பாதி, முனைக்கு 20. பக்கப் பலகை வழியாகத் தட்டின் விளிம்புக்குள் மூன்று ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு ஸ்க்ரூவுக்கு 7 கிலோகூட வரவில்லை.

நாலு மில்லிமீட்டர் எஃகுக் கம்பியைக் குறுக்கே 7 கிலோவால் வெட்ட முடியுமா? முடியவே முடியாது. அப்போ எந்த ஸ்க்ரூ போட்டாலும் போதும் என்றுதான் தோன்றும். கடைக்காரர் போடுவதும் இந்தக் கணக்குதான், வாயால் சொல்லாவிட்டாலும்.

ஆனால் தட்டு வளைகிறது. 18 மி.மீ. பிளைவுட்டில் மூன்றடிக்கு 40 கிலோ வைத்தால், என் கணக்கில், நடுவில் 4 அல்லது 5 மி.மீ. இறங்கும். அதே தடிமன் பார்ட்டிகிள் போர்டு என்றால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. அதுவும் முதல் நாள் நிலவரம். மரப் பொருள் எதுவும் பாரத்தை வைத்த இடத்தில் விட்டால் மாசக்கணக்கில் மெல்ல மெல்ல இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கும். நடு இறங்கும்போது முனைகள் சும்மா இருக்காது, திரும்பும். தட்டின் மேல் விளிம்பு பக்கப் பலகையை விட்டு விலகப் பார்க்கும், கீழ் விளிம்பு பலகையில் அழுந்தும். நடுவில் மாட்டிக்கொண்ட ஸ்க்ரூ என்ன ஆகும்? ஆணி பிடுங்கும் கடப்பாரை மாதிரி தட்டே அதைப் பிடுங்க ஆரம்பிக்கும். தட்டின் தடிமன் 18 மி.மீ. என்றால் ஸ்க்ரூவுக்குக் கிடைக்கும் நெம்பு தூரம் வெறும் 9 மி.மீ. முனை கொஞ்சமும் திரும்பாமல் இறுக்கமாக இருக்கிறது என்று வைத்து அதிகபட்சக் கணக்கு போட்டால், ஒவ்வொரு ஸ்க்ரூ மேலும் இழுப்பு சுமார் 110 கிலோ வருகிறது.

கீழ்நோக்கி 7 கிலோ, வெளியே பிடுங்க 110 கிலோ. நிஜத்தில் முனை கொஞ்சம் தளர்ந்து கொடுப்பதால் இவ்வளவு வராது. ஆனா அந்தத் தளர்வுதான் நாம் பார்க்கிற ஆட்டம். ‘ஸ்க்ரூ தாங்குமா’ என்று கேட்கிறவர் 7 கிலோவை நினைத்துக் கேட்கிறார். ஸ்க்ரூ தோற்பது மற்றதில்.

சரி, பிடுங்கும் விசையை எது எதிர்க்கிறது? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சூத்திரம் வருகிறது. அமெரிக்க அரசின் மரப் பொருள் ஆய்வுக்கூடம் வெளியிடும் ‘வுட் ஹேண்ட்புக்’ இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதன்படி, மரத்தின் பக்கவாட்டில், அதாவது நாருக்குக் குறுக்கே போட்ட ஸ்க்ரூவைப் பிடுங்கத் தேவையான விசை மூன்று விஷயத்தைப் பொறுத்தது: ஸ்க்ரூவின் விட்டம், மரத்துக்குள் இருக்கும் மரையின் நீளம், மரத்தின் ஒப்படர்த்தி. முதல் இரண்டும் நேர் விகிதம். மூன்றாவது வர்க்கத்தில் வருகிறது. ஸ்க்ரூவை இரண்டு மடங்கு தடியாக்கினால் பிடிப்பு இரண்டு மடங்கு. மரத்தை இரண்டு மடங்கு அடர்த்தியாக்கினால் பிடிப்பு நாலு மடங்கு.

எண்ணில் சொன்னால், 0.55 ஒப்படர்த்தி உள்ள மரத்தில், தேக்கு ஏறக்குறைய அந்த இடத்தில்தான் வரும், 8 நம்பர் ஸ்க்ரூவின் மரை 25 மி.மீ. இறங்கினால் பிடுங்க சுமார் 350 கிலோ விசை வேண்டும். 0.35 ஒப்படர்த்தி உள்ள லேசான மரத்தில் அதே ஸ்க்ரூ 140இல் வந்துவிடும். இவை பரிசோதனைச் சாலையில் பிடுங்கி எடுக்கும் உச்ச அளவு. வருஷக்கணக்காக நிற்க வேண்டிய இடத்தில் அதில் ஒரு சிறு பங்கைத்தான் நம்பலாம். அதே தடிமன் ஆணி என்றால் தேக்கிலேயே 130 கிலோ அளவில்தான்.

ஆக ஸ்க்ரூவைத் தேர்வு செய்வது என்றால் பாதிக்கு மேல் அது எந்த மரத்துக்குள், எந்தப் பக்கமாகப் போகிறது என்று தேர்வு செய்வதுதான். நாம் போடுவதோ பலகையின் விளிம்பில். அசல் மரம் என்றால் தட்டின் முனையில் நார் ஓடும் திசையிலேயே ஸ்க்ரூ நுழைகிறது. குறுக்கே போட்டால் கிடைக்கும் பிடிப்பு அங்கே கிடைக்காது. பிளைவுட் என்றால் இரண்டு அடுக்குக்கு நடுவில் ஆப்பு அடித்த மாதிரி போய், அடுக்கைப் பிரிக்கும். பார்ட்டிகிள் போர்டு இருப்பதிலேயே மோசம். அதன் மேல் கீழ்ப் பரப்புகள்தான் நெருக்கமாக அழுத்தப்பட்டவை, நடுப்பகுதி சொரசொரவென்று இளகலாக இருக்கும். விளிம்பில் போடும் ஸ்க்ரூ சரியாக அந்த இளகிய நடுவுக்குள்தான் போகும்.

இதற்கு மேல் நம் ஊரில் ஒரு கூடுதல் விசேஷம் இருக்கிறது. கருப்பு ஸ்க்ரூ. கடையில் ஜிப்சம் ஸ்க்ரூ என்று கேட்டால் கிடைக்கும், ஒன்றும் சொல்லாமல் ஸ்க்ரூ என்று கேட்டாலும் இப்போதெல்லாம் அதுதான் கிடைக்கிறது. ஃபால்ஸ் சீலிங் போடும் ஜிப்சம் பலகைக்காகவே பிறந்தது அது. எக்காளம் மாதிரி வளைந்து விரியும் தலை, ஜிப்சம் மேலிருக்கும் காகிதத்தைக் கிழிக்காமல் அமுக்குவதற்காக. வேகமாக டிரில்லில் ஓட்ட வேண்டும் என்பதற்காக மெலிசாக, சூடாக்கிக் கடினப்படுத்திச் செய்கிறார்கள். கடினமான எஃகு வளையாது, உடையும். தலை மட்டும் பட்டென்று கழன்று கையோடு வரும்போது கார்பெண்டர்கள் ‘மரம் கெட்டி சார்’ என்பார்கள். மரம் கெட்டி இல்லை, ஸ்க்ரூ நொறுங்கும் ஜாதி. கருப்புப் பூச்சு துருவையும் ரொம்ப நாள் தடுக்காது. சென்னைக் கடற்காற்றில் அது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய ஆட்சேபம் வேறு. பழைய மர ஸ்க்ரூவைப் பாருங்கள், தலைக்குக் கீழே கொஞ்ச தூரம் மரை இல்லாமல் வழவழப்பாக இருக்கும். அது சும்மா விட்டதல்ல. மேல் பலகை அந்த வழவழப்பான பகுதியில் வழுக்கி இறங்கும், மரை கீழ்ப் பலகையை மட்டும் கடித்து இழுக்கும், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கருப்பு ஸ்க்ரூவில் பொதுவாகத் தலைவரைக்கும் மரை. அது மேல் பலகையையும் கடிக்கும், கீழ்ப் பலகையையும் கடிக்கும். நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் அப்படியே நிற்கும், எவ்வளவு முறுக்கினாலும் மூடாது. ஒட்டாத இணைப்பில் ஃபெவிகால் எதைப் பிடிக்கும்?

ஒரு கார்பெண்டரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். ‘சார், எல்லாரும் இதத்தான் போடுறாங்க, ஒண்ணும் ஆகல’ என்றார். ‘அண்ணே, மேல் பலகையில மட்டும் ஓட்டையக் கொஞ்சம் பெருசாப் போட்டுப் பாருங்க’ என்றேன். போட்டார். ஸ்க்ரூ இறங்கியதும் இடைவெளி மூடிக்கொண்டு ஃபெவிகால் விளிம்பில் பிதுங்கி வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘இது நேரம் புடிக்கும் சார்’ என்றார். அதுவும் உண்மைதான். சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு இரண்டு அளவில் ஓட்டை போடும் நேரத்தை யார் கொடுக்கிறோம்?

ஓட்டை போடாத பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், திரும்பவும் ஸ்க்ரூவின் வரலாற்றுக்கே போக வேண்டியிருக்கிறது. இந்த முறை தலை இல்லை, நுனி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் ஸ்க்ரூவின் நுனி மொட்டையாகத்தான் இருந்தது. முதலில் துளை போட்டே ஆக வேண்டும். தானே துளைத்துப் போகும் கூர் நுனிக்கு அமெரிக்காவில் தாமஸ் ஸ்லோன் 1846இல் காப்புரிமை வாங்கினார். அதை இங்கிலாந்தில் செய்யும் உரிமையை நெட்டில்ஃபோல்டு என்பவர் 1854இல் வாங்கினார். பணத்துக்கு மைத்துனர் சேம்பர்லினைச் சேர்த்துக்கொண்டார். அந்தக் கம்பெனியைப் பார்த்துக்கொள்ள பர்மிங்ஹாம் போன மகன் ஜோசப் சேம்பர்லின்தான் பிற்பாடு பெரிய அரசியல்வாதி ஆனவர், பிரதமர் நெவில் சேம்பர்லினின் அப்பா. 1902இல் அது கெஸ்ட் கீன் அண்ட் நெட்டில்ஃபோல்ட்ஸ் ஆனது. அதன் இந்தியக் கிளையான கல்கத்தா கெஸ்ட் கீன் வில்லியம்ஸ் மூலமாகத்தான் நெட்டில்ஃபோல்டு என்ற பெயர் நம் ஹார்டுவேர் கடை அட்டைப் பெட்டிகளுக்கு வந்தது.

கூர் நுனி நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் துளை என்பது நேரத்தை வீணாக்கும் வேலை என்ற எண்ணத்தை அதுதான் விதைத்தது. பிறகு பேட்டரி டிரில் வந்து அதை முடித்து வைத்தது. மேலே சொன்ன வுட் ஹேண்ட்புக் துளையின் அளவையும் சொல்கிறது: மரையின் அடிவிட்டத்தில், மென்மரத்துக்குச் சுமார் 70 சதவீதம், கடின மரத்துக்கு 90 சதவீதம். துளை போட்டால் பிடிப்பு குறையும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். பிளந்துபோன நாரில் என்ன பிடிப்பு இருக்கப் போகிறது?

ரெடிமேட் அலமாரிகளில் வரும் மினிஃபிக்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. பலகையில் பொத்தான் மாதிரி வட்டமாகத் தெரிவது, அரைச் சுற்று திருப்பினால் இறுகும். அது இழுத்துப் பிடிப்பதற்கான சாதனம், சுமப்பதற்கானது அல்ல. கூடவே பாக்கெட்டில் வரும் சின்ன மர உருளைகள், டவல்கள், அவைதான் பாரத்தைச் சுமக்க வந்தவை. வீட்டுக்கு வந்து மாட்டிக்கொடுக்கிற பையன்கள் அதை ‘எக்ஸ்ட்ரா’ என்று தரையில் விட்டுவிட்டுப் போவதைக் கவனித்திருக்கிறீர்களா? நான் இரண்டு மூன்று வீட்டில் பார்த்துவிட்டேன். சாஃப்ட்வேர்காரனாக எனக்கு ரொம்பப் பழகிய காட்சி இது. இல்லாவிட்டாலும் டெமோ ஓடும் என்பதால் எடுத்துவிடப்படும் பாகம்.

இப்போது என் தரப்பு. நல்ல ஷெல்ஃபில் ஸ்க்ரூ பாரத்தைச் சுமக்கக் கூடாது. மரத்தின் மேல் மரம் உட்கார வேண்டும். பக்கப் பலகையில் 5 மி.மீ. ஆழத்துக்குக் காடி எடுத்துத் தட்டை அதில் சொருகினால் போதும், பாரம் முழுக்கக் காடிக்குப் போய்விடும். காடி எடுக்க முடியாத இடத்தில் தட்டுக்கு அடியில் முக்கால் இன்ச் ரீப்பர் வைக்கலாம். ரீப்பரைப் பக்கப் பலகையின் பரப்பில்தான் அடிக்கிறோம், விளிம்பில் இல்லை. அதனால் அங்கே சாதாரண 8 நம்பர் மர ஸ்க்ரூ, ஒன்றே கால் இன்ச், தன் முழுப் பிடிப்போடு நிற்கும். ஃபெவிகால் போட்டால் ஸ்க்ரூவின் வேலை இன்னும் குறைவு. காயும்வரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் அது, அவ்வளவுதான். ஒன்று, லேமினேட் ஒட்டிய பரப்பில் ஃபெவிகால் நிற்காது, ஒட்டும் இடத்தில் மைக்காவைச் சுரண்டியாக வேண்டும். பார்ட்டிகிள் போர்டு விளிம்பில்தான் போட்டாக வேண்டும் என்றால், அதற்கென்றே செய்த கன்ஃபர்மேட், 7 மி.மீ. தடிமன், 50 மி.மீ. நீளம், அதற்கான படித் துளையோடு. பிளைவுட்டுக்குச் சிப்போர்டு ஸ்க்ரூ தாராளம்.

மூன்றடித் தட்டை இரண்டடியாக்கினால் இதெல்லாவற்றையும்விட அதிகப் பலன். அடிக்கு அதே பாரம் என்று வைத்துக்கொண்டால் வளைவு ஐந்தில் ஒன்றாகிவிடும். அந்த 110 கிலோ இழுப்பு 50க்கு வந்துவிடும். நடுவில் ஒரு செங்குத்துப் பலகை, அவ்வளவே செலவு.

ஆனாலும் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் காசு இருக்கிறது என்று யாராவது சொன்னால் பின்பலகையைத்தான் சொல்வேன். 6 மி.மீ. பிளைவுட், ஃபெவிகால், ஆறு இன்ச்சுக்கு ஒன்றாகச் சின்ன ஆணி. அலமாரி செவ்வகம். மூலையில் எவ்வளவு தடி ஸ்க்ரூ போட்டாலும் செவ்வகம் பக்கவாட்டில் சாய்ந்து சாய்சதுரமாகப் பார்க்கும். ஒரு பக்கம் தள்ளினால் ஒவ்வொரு மூலையும் கீல் மாதிரி வேலை செய்யும். பின்பலகை அடித்துவிட்டால் சாய இடமில்லை. நாற்பது ஆணிகளும் ஆளுக்குக் கொஞ்சம் குறுக்கு விசையைத் தாங்கும், யாரும் அவற்றைப் பிடுங்கப் போவதில்லை. ஆணிக்கு வராத வேலை பிடுங்கலைத் தாங்குவதுதான், குறுக்கு விசை அதற்குப் பழகிய வேலை. கட்டின் உறுதியில் பெரும்பங்கு கொட்டேஷனில் கடைசி வரியாக இருக்கும் இந்த மெலிசுப் பலகைக்குத்தான். ‘சுவரைத்தான ஒட்டி வைக்கப் போறோம், எதுக்கு பேக்’ என்று முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

ரிப்சின்ஸ்கிக்கும் ஒரு இடத்தில் நியாயம் செய்துவிட வேண்டும். தலை முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. துளை சரியாகப் போட்டு, நல்ல ஸ்க்ரூ வாங்கி, கடைசி அரைச் சுற்றில் பிட் வழுக்கித் தலை மழுங்கினால் அந்த ஸ்க்ரூ முழுதாக இறுகாமலே நின்றுவிடும், வெளியிலும் எடுக்க முடியாது. ராபர்ட்சனின் சதுரக் குழி இந்த விஷயத்தில் எவ்வளவு மேல் என்று அவர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நம் கடைகளில் அது கிடைப்பதில்லை. நமக்குக் கிடைப்பதில் சிப்போர்டு ஸ்க்ரூவின் தலையைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பாருங்கள். பெருக்கல் குறிக்கு நடுவே இன்னும் நாலு மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பிலிப்ஸ் இல்லை, போசிடிரைவ். அதற்கு பி.இசட். 2 பிட் வேண்டும். டிரில்லோடு வந்த பி.எச். 2 பிட் அதில் உட்கார்ந்த மாதிரி தெரியும், உட்காராது.